காற்றை அளந்த கம்பம்

காற்றாலை மின்சாரத்தால் பசுமை ஹைட்ரஜன் எரிபொருள் தயாரிக்க, காற்று ஓயாது வீசும் மகல்லானெஸ் பகுதிக்கு வந்த நிறுவனத்தின் கூட்டத்தில், ஆட்டுப் பண்ணையாளர் யெர்கோ கொதித்தெழுந்தார்.

"காத்தாடியை நட்டு எங்க ஆடுங்களை மிரட்டவா வந்தீங்க? எங்க காத்து விக்கிறதுக்கு இல்ல!"

கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது. நிறுவன அதிகாரி தலைகுனிந்தார்.

வீடு திரும்பும் வழியிலும் யெர்கோவின் சினம் தணியவில்லை. வண்டியோட்டிய மனைவி நெல்டா சிரித்தாள்.

"ஏங்க, போன வருஷம் காத்தாடிக்கு நிலம் தர்றேன்னு முதல்ல கையைத் தூக்கினது யாராம்?"

"அளந்து பாத்துட்டு, என் நிலத்துல காத்தே பத்தலைன்னுட்டானுங்களே, அயோக்கியப் பசங்க! நம்ம கொட்டகைக் கூரையையே பிச்சுக்கிட்டுப் போன காத்துடி!"

"பின்ன? அளக்கிற கம்பத்தை எங்க நடலாம்னு அவங்க கேட்டப்ப, 'வெட்டவெளியில நட்டா காத்துல சாஞ்சிடும், சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னாடி மறைவா நடுங்க'ன்னு சொன்னது நீங்கதானே?"