பட்டம் பறந்த லோகோ

"கார்ட்டூன் முடிஞ்சதும் அந்தப் பட்டம் எங்கண்ணே போய் இறங்கும்?" என்று அழகுபாண்டியின் தங்கை சின்ன வயதில் கேட்டாள். கார்ட்டூனின் கடைசியில் வரும் கம்பெனி லோகோவில் ஒரு பட்டம் பறக்கும். பிறகு அந்தக் கம்பெனி லோகோவை மாற்றி, பட்டத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் வைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை உசிலம்பட்டியில் அவளுக்குக் கல்யாணம். அதற்குள் பழைய லோகோவைத் தேடிப் பிடித்து அவளிடம் காட்டிவிட வேண்டும். பழைய கார்ட்டூன் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமான மதுரை முத்துக்குமரனை அழகுபாண்டி நச்சரித்தான். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

"மாப்ள, அந்தக் கார்ட்டூன் வீடியோ டேப் இருக்கு, அனுப்புறேன்னு சொன்னியே?"

"தேடுறேன்."

"என்ன மாப்ள, முன்ன மாதிரி கிண்டலே இல்ல?"

"வேலை."

மதுரை சிம்மக்கல்லில் டேப்பைப் போனுக்கு மாற்றிக் கொடுத்த கடைக்காரர் சிரித்தார். "கார்ட்டூன் வேணாமா? கடைசில வர்ற லோகோ மட்டும் போதுமா?"

வியாழக்கிழமை அழகுபாண்டிக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது.

"அதே பட்டம்தான் மாப்ள. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. கல்யாணத்துக்கு வந்துரு."

"வர முடியல. தங்கச்சி நல்லா இருக்கணும்."

அதை அனுப்பிவிட்டு கனகலட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். மகன் முத்துக்குமரன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்யாண வீட்டுக்குத் துக்கச் செய்தி போகக் கூடாது. அவன் சொன்ன சொல்லும் பொய்யாகக் கூடாது.

"அனுப்பிட்டேம்ப்பா" என்று யாருமில்லாத வீட்டில் சொல்லிவிட்டு, மகனின் போனை அணைத்தாள்.