மிதிவெடிக் காணி

"தம்பி, அந்த வெள்ளைக்காரரை என்ரை காணிப் பக்கம் கொண்டு வராதையும். உமக்குப் புண்ணியமாப் போகும்."

அன்னபூரணம் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தியாகலிங்கம் மாஸ்ரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னக்கா கதைக்கிறியள்? கடிதம் எழுதி எழுதி எனக்குக் கை தேஞ்சுபோச்சு. இப்பதான் ஒரு மனிசன் கடல் கடந்து வந்து நிக்கிறார். திரும்பிப் போங்கோ எண்டு சொல்லவோ?"

"கிடக்கிறது கிடந்திட்டுப் போகட்டுமன். ஆரும் உள்ளுக்குப் போகேல்லைத்தானே."

"நீங்கள் சொல்லுவியள். உந்த ஒழுங்கையாலை பள்ளிக்கூடம் போறவள் என்ரை பிள்ளையெல்லோ."

மாஸ்ரர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தது அதனால்தான். அவர்களின் ஊரான புளியங்கூடலில் பெரிய வீதியை நேவி முகாம் மறித்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சிய ஒரே வழி அன்னபூரணத்தின் பனங்காணியை ஒட்டிய ஒழுங்கை. அந்த வேலியிலோ மண்டையோடு கீறிய ஒரு பலகை. 'மிதிவெடி. உள்ளே போகாதே.'

நேவி ஊருக்குள் வந்த கையோடு அது தொங்கத் தொடங்கியது. அதுவரை ஊரில் நின்ற இயக்கப் பெடியள் பின்வாங்கும்போது புதைத்துவிட்டுப் போனதாக நேவி சொன்னது. நேவிதான் புதைத்தது என்று ஊர் சொன்னது. மாஸ்ரர் ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே மண் கிளறிக் கிடந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டார். அன்றிலிருந்து மகள் அம்பிகை வீடு திரும்பும்வரை மனிதருக்குச் சோறு இறங்குவதில்லை.

பிரசைகள் குழுச் செயலாளர் என்ற முறையில் அவர் கடிதம் போடாத இடமில்லை. மிதிவெடியை உலகம் முழுக்கத் தடைசெய்ய வேண்டும் என்று நாடு நாடாகப் போய் வாதாடுகிற ஒரு பொதுமக்கள் சங்கம்தான் கடைசியில் காது கொடுத்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், சமாதானப் பேச்சு நடக்கிற காலம். நேவியும் சம்மதித்தது. காணியைப் பார்க்கும்போது துவக்கும் கையுமாக ஒருவரும் கிட்ட வரக் கூடாது என்று பிரசைகள் குழு நிபந்தனை போட, அதற்கும் தலையாட்டிவிட்டு நேவிக்காரர்கள் சந்தியிலேயே நின்றுகொண்டார்கள்.

சங்கம் அனுப்பிய வெள்ளைக்காரர் நெடிய மனிதர். எட்டிப் பார்க்க அவருக்குக் கால் உன்னவும் தேவைப்படவில்லை. பார்த்தவுடன் முகம் கறுத்தது. படம் எடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் மளமளவென்று ஏதோ சொன்னார்.

"என்னவாம் தம்பி?" அன்னபூரணம் கிட்ட வந்து கேட்டார்.

"நிரை நிரையாப் புதைச்சிருக்காம். இந்தப் படம் ஒண்டே காணுமாம், மாநாட்டிலை வைச்சுக் கேள்வி கேக்க. இனி இயந்திரம் விட்டு முழு நிலத்தையும் கிளற வேணுமாம். அதுக்கு முதல் பனையளைத் தறிக்கவேணும். நாளைக்கே நேவியைக் கொண்டு தறிப்பிக்கலாமாம்."

"எல்லாப் பனையையுமோ?"

"பிள்ளையளின்ரை உயிரை விடப் பனையே அக்கா பெரிசு?"

அன்னபூரணம் பனைகளை அண்ணாந்து பார்த்தார். சேலையை இழுத்துச் செருகினார். வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டுக்குள் தலையை விட்டார். அவ்வளவுதான், ஆள் உள்ளே.

மாஸ்ரர் பின்னால் பாயப் பார்த்தார். வெள்ளைக்காரர் அவரைத் தோளில் பிடித்து நிலத்தோடு அமுக்கினார்.

"அக்கா, அசையாதையுங்கோ. நிண்ட இடத்திலை நில்லுங்கோ."

"நிக்கேலாது தம்பி, கால் சுடுது."

நடுக்காணிக்குப் போய்க் குந்தினார். ஒரு தடியை எடுத்து மண்ணைக் கிண்டத் தொடங்கினார். ஒவ்வொரு குத்துக்கும் மாஸ்ரர் கண்ணை மூடி நயினாதீவு அம்மாளைக் கூப்பிட்டார். இந்த மனிசிக்கு ஒன்று நடந்தால், கடிதம் எழுதிய பாவம் தன் தலையில்தானே விழும் என்று நினைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அன்னபூரணம் மடியில் எதையோ அள்ளிக் கட்டிக்கொண்டு, போன வழியே ஆறுதலாகத் திரும்பி வந்தார்.

மாஸ்ரர் புழுதியிலேயே இருந்துவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரே? உள்ளுக்கு வெடி இல்லையெண்டு ஆர் சொன்னது?"

அன்னபூரணம் சந்திப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆரும் சொல்லவேணுமே? பலகையை எழுதினதே நான்தானே."

மாஸ்ரருக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அப்படியென்றால் அந்த ஒழுங்கை ஓரத்தில் வெடியே இல்லை. அம்பிகை துள்ளிக்கொண்டு போகலாம், ஆட்டுக்குட்டியைத் துரத்தலாம், வேலிக்குள்ளும் பாயலாம். நெஞ்சில் ஏறியிருந்த பாரம் ஒரேயடியாக இறங்கிப் போயிற்று. கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்ட வெள்ளைக்காரருக்குப் பொறுக்கும்படி கை காட்டினார்.

"எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா நீர் அதையும் கடிதமா எழுதியிருப்பீர். நேவிக்காரர் பங்கர் கட்டவெண்டு ஊர்ப் பனையெல்லாம் தறிச்சுக்கொண்டு வந்தவங்கள். வேறை என்னத்தைச் சொல்லி நான் மறிக்கிறது?"

"அப்ப அந்த மண் கிளறிக் கிடந்தது?"

அன்னபூரணம் மடியை அவிழ்த்தார். உள்ளே மண் ஒட்டிய பனங்கிழங்குகள்.

"நேவி பெடியளைச் சொல்லிச்சுது, நீங்கள் நேவியைச் சொன்னியள். புதைச்சது நான், தம்பி. பனங்கொட்டை."