நான்காவது கோடு

அஸ்லே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றப்போகும் நொடிக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெர்கன் விமான நிலையத்தில் விமானிகள் கூடும் அறை. வெளியே மழை. எங்கள் ஊரில் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பெய்யாவிட்டால்தான் செய்தி.

அன்று என் கணவன் அஸ்லேயின் கடைசிப் பயணம். வயதாகிவிட்டால் எவ்வளவு நல்ல விமானியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வடக்கே போடோ நகரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். இடது இருக்கையில் கேப்டன் நான், வலது இருக்கையில் துணை விமானி அவன். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

தோளில் நான்கு பொன்கோடு இருந்தால் கேப்டன். மூன்று என்றால் துணை.

அவனுடைய அந்த மூன்று கோடு எனக்குள் முள்ளாகவே இருந்தது. நான் கேப்டன் ஆன மறுவருடம் அவன் முறை வந்தது. தேர்வுக்குப் போனவன் திரும்பி வந்து, "ஊத்திக்கிச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் பொரிக்க ஆரம்பித்தான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மீன் மட்டும் பிரமாதமாக இருந்தது.

அதனால்தான் அன்று காலை ஒரு திருட்டு வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு இதை நான் சொல்லாத ஆள் பெர்கனில் கிடையாது. துறைமுகத்துக் கடற்காகங்களுக்குக்கூடத் தெரியும்.

அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் சட்டையிலிருந்த கோடு போட்ட தோள்பட்டிகளை உருவி என் சட்டையில் மாட்டினேன். என்னுடையதை அவன் சட்டையில். பிறகு பச்சைக் குழந்தை போல் முகத்தை வைத்துக்கொண்டு காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது அவன் மேலே கம்பளிச் சட்டை போட்டுத் தயாராக நின்றான். நானும் விளக்குப் போடாமலே உடுத்தி, கழுத்துவரை கம்பளியால் மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு நாளாவது விமானத்தின் வாசலில் அவன் கேப்டனாக நின்று பயணிகளை வரவேற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் அஸ்லே லேசுப்பட்ட ஆள் இல்லை. உடுப்பு விஷயத்தில் ராணுவமே அவனிடம் வந்து பாடம் கேட்கும். அவன் கால்சட்டை மடிப்பில் பாலாடைக்கட்டி வெட்டலாம். காலணியில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். தனியாக இருக்கும்போது தப்பான கோட்டைப் பார்த்தால் அங்கேயே உருவிப் போட்டுவிடுவான். இங்கே எல்லோர் முன்னாலும் தெரிந்து, எல்லோரும் கைதட்டிவிட்டால்? எப்படிக் கழற்றுவான், பார்க்கலாம்.

அறையில் வழக்கமான சண்டை ஓடிக்கொண்டிருந்தது. தொப்பிச் சண்டை.

விமானிகள் புயலைப் பற்றிச் சண்டை போட மாட்டார்கள். எரிபொருளைப் பற்றியும் போட மாட்டார்கள். தொப்பி என்றால் குடும்பமே இரண்டாகும்.

"தொப்பி இல்லாமப் போனா, பஸ் டிரைவர்னு நெனச்சு டிக்கெட் கேப்பாங்க," என்றார் தலைமை விமானி ஸ்தைனார். குடாவுக்கு அக்கரையில் ஒருவன் பழுப்புக் காலணி போட்டால் இக்கரையிலிருந்தே கண்டுபிடிப்பவர் அவர்.

"உங்க தலைக்குத் தொப்பி தேவைதான். எங்களுக்கு முடி இருக்கே," என்றாள் இளம் விமானி வில்தே.

"தொப்பிய விடுங்கப்பா. கறுப்புக் கண்ணாடியத் தலைமேல ஏத்திக்கிட்டுத் திரியிறவங்கள மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்," என்ற அஸ்லே, பேச்சோடு பேச்சாகக் கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவினான்.

கைதட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

இடது தோளில் மூன்று. வலது தோளில் மூன்று.

உயர்த்திய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் என் கம்பளியைக் கழற்றினேன். என் தோள்களில் நான்கு நான்கு.

நான் காப்பி போட்ட நேரத்தில் மாற்றியிருக்கிறான். மாற்றிவிட்டு, காரில் வழியெல்லாம் வானிலை பேசிக்கொண்டு வந்திருக்கிறான், படுபாவி.

அவன் காப்பி இயந்திரத்துப் பக்கம் நகர்ந்ததும் ஸ்தைனாரை ஓரமாக இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்களாவது ஒரு உத்தரவு போடுங்க. தேர்வுல தோத்து, அதையே மனசுல வச்சுக்கிட்டு இருக்கற மனுஷன். கடைசி நாள்லயாவது..."

ஸ்தைனார் என்னை விநோதமாகப் பார்த்தார். அஸ்லே தூரத்தில் இருக்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். இன்னியோட அவன் எனக்குக் கீழ இல்ல, சொல்லிடறேன். அவன் எங்க தோத்தான், தோருன்? தேர்வுக்கே வரலயே. 'ரெண்டு கேப்டனுங்கள ஒரே விமானத்துல சேத்துப் போடுவீங்களா?'ன்னு கேட்டான். எப்படிப் போடறது, ஒரு கேப்டன் ஒரு துணைதானேன்னேன். 'அப்ப எனக்கு மூணு கோடே போதும், அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்'னு எழுந்து போயிட்டான். அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன். அதே பதில்தான்."

நான் கம்பளிச் சட்டையை மடித்தேன், உதறினேன், மறுபடி மடித்து மேசையில் வைத்தேன். வில்தே திரும்பிப் பார்த்தாள், உடம்பு சரியில்லையா என்பது போல.

அஸ்லே இரண்டு காப்பிக் கோப்பைகளோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத்தான் பார்த்தான்.

"இடது பக்கம் கோணலா இருக்கு," என்றான்.

கோப்பைகளை என் கையில் கொடுத்துவிட்டு, பட்டியை விரலால் மெல்ல இழுத்து நேராக்கினான்.

"காலைல நீ காப்பி போட்டு வர்றதுக்குள்ள அவசரத்துல மாட்டினேன்."