வேர்ச்சொல்

"இன்னிக்கு என்ன வார்த்தை தெரியுமா?"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

வார்த்தை அவளுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியும்.

சுகிர்தா.

அவனுடைய ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவள்; வந்து இரண்டு மாதம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அபூர்வமான இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது என்று நோண்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். யார் இல்லை என்றது?

நேற்று முல்லிகடானி. நம்ம மிளகுத்தண்ணீர்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டு எழுந்தான், பாவி. ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெண்டாட்டியோடு அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று?

வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அவன் நேரே மண்பானைக்குப் போனான். ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தான்.

"வெட்டிவர்! நம்ம வெட்டிவேர்தான் இங்கிலீஷ்ல அப்படிப் போயிருக்கு. அதுல சென்ட்டெல்லாம் செய்றாங்களாம். எப்படி வாசனை வரும்னு சுகிர்தா கேட்டாங்க. எனக்கெங்க தெரியும்? நீ பாத்திருக்கியா?"

அவள் அவன் வாயையே பார்த்தாள்.

உதட்டோரம் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

கல்யாணமாகி ஒன்பது கோடை. ஒவ்வொரு கோடையிலும் வெயில் ஏறத் தொடங்கியதும் அந்த வேரை வாங்கி, மண் போக அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து அவள்தான் பானைக்குள் போடுவாள்.

"இல்லையே" என்றாள்.

மறுநாள் சாயங்காலம். அதே பானை. அதே சொம்பு.

ஒரு வாய் குடித்தவன் நிறுத்தினான். சொம்புக்குள் எட்டிப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"என்னடி, தண்ணி ஒரு மாதிரி இருக்கு? என்னமோ குறையுதே."

கொடியில் அந்த வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க, குறையுது" என்றாள். "அதுக்கு என்ன பேருன்னு நாளைக்குச் சுகிர்தாகிட்ட கேட்டுட்டு வாங்க."