ஆறு நாள் விரதம்

விடிந்தும் விடியாமலும் மேனுஷாவின் வாயில் தெர்மாமீட்டர் இருந்தது. படுக்கையை விட்டு எழும் முன்பே உடம்புச் சூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதி வைப்பது அவளுடைய பழக்கம். காய்ச்சல் இல்லை, பிள்ளை விஷயம்.

மாமியார் கனகத்துக்கு அதைப் பார்த்தாலே இளக்காரம். பதுளைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்குக் கொப்பியும் பேனையும் எதற்கு என்பது அவள் எண்ணம். மகன் துவாரகனின் வாய்க்கும் கைக்கும் பயந்து டவுனில் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை என்பதை வசதியாக மறந்துவிடுவாள்.

துவாரகன் அதற்கு மேல். கல்யாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை என்று, கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே மனைவியை மலட்டுக் கழுதை என்பான். தன்னையும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் அந்த வீராதிவீரனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

தைப் பொங்கலுக்குள் உண்டாகாவிட்டால் மேனுஷாவை ஊருக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாகக் கனகம் சொல்லிவிட்டாள். மேனுஷாவின் அப்பாவோ, நீயாகக் கோபித்துக்கொண்டு வந்தால் படியேற்ற மாட்டேன் என்று கல்யாணத்தன்றே சொன்னவர். பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

மருமகளிடம் கனகம் மெச்சிய ஒரே விஷயம் அவளுடைய விரதம். மாதம் தவறாமல் ஆறு நாள், பிள்ளை வரம் கேட்டு முருகனுக்கு என்று சொல்லி ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பாள். அந்த ஆறு நாளும் துவாரகன் கடையிலேயே படுத்துக்கொள்வான். கலண்டரில் அந்த நாட்களுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டு ஒரு மாதம் சஷ்டிக்கு முந்தியும் ஒரு மாதம் பிந்தியும் விழுந்ததைக் கவனிக்கிற அளவுக்குக் கனகத்தின் பக்தி போகவில்லை.

அன்று வீடு வீடாகப் பெண்களைப் பார்த்துப்போக வந்த மருத்துவமாது நேசராணி முன்னால் கனகம் கொப்பியைத் தூக்கிப் போட்டாள்.

"பாருங்க மிஸ், இவ டாக்டருக்குப் படிக்கிறா."

நேசராணி நிதானமாகப் புரட்டினாள். சூடு கொஞ்சம் ஏறினால் கருமுட்டை வெளியாகிவிட்டது என்று அர்த்தம், அதற்கு முந்தின ஐந்தாறு நாள்தான் கரு தங்கும் நாட்கள், அப்போது வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இருக்கும் என்று விளக்கிக்கொண்டே வந்தவள், கலண்டரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

"இந்தப் பொட்டு என்னங்க?"

"விரத நாளுங்க. மகன் வீட்டுப் பக்கமே வர மாட்டான்," என்றாள் கனகம் பெருமையாக.

"நல்லா இருக்கு. பிள்ளை தங்குற நாளையெல்லாம் மாசாமாசம் விரதத்துக்குக் குடுத்திருக்கீங்க."

கனகத்தின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அவளா விடுவாள்? சூடு பார்க்கத் தெரிந்தவளுக்கு நாள் பார்க்கத் தெரியவில்லை, தோட்டத்துப் புத்தி இவ்வளவுதான் என்று மருத்துவமாதிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு பெரிய மனது பண்ணுகிறவள் போல மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சரி, தெரியாமப் பண்ணிட்ட. இனி விரதம் வேணாம். தைக்குள்ள உண்டாயிரும்."

மேனுஷா கொப்பியை வாங்கி மூடினாள்.

"தெரிஞ்சுதான் பண்ணுனேன் அத்தை, உண்டாயிட்டா என்னைய ஊருக்கு அனுப்ப மாட்டீங்களே."