அணையாத பச்சை விளக்கு

ஆறிய சூளைக்கு எதிரே மரப்பெட்டிமேல் பூர்ணிமா, களிமண் மூட்டைமேல் கோதண்டபாணி. நடுவே, போட்டிக்காக இருவரும் சேர்ந்து செய்த ட்ரோன். பூர்ணிமா தனியாக வாங்கிவந்த ரிமோட்டுக்கு அது காலையிலிருந்து அசையவேயில்லை. "கண்ட கம்பெனி ரிமோட்ட வாங்குனா இப்புடித்தான்," என்று சிரிக்கிறான் அவன். அவள் ரிமோட்டை அணைக்கிறாள். ஏதாவது ஒரு ரிமோட்டோடு இணைந்திருந்தால் மட்டுமே எரியும் பச்சை விளக்கு, அப்போதும் எரிகிறது. "என்னுது ஆஃப்ல இருக்குது பாணி. அப்ப இது யாரு பேச்ச கேக்குது?" இன்னொரு ரிமோட்டின் ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் தன் பையை அவன் பின்னால் தள்ளுகிறான். "பெண்ணாடம் பசங்க ட்ரோனோட அவங்க டீமுக்கு கூப்ட்டாங்க பூர்ணிமா..." சுடாத கோப்பைகள்மேல் வெயில் வெள்ளையாகக் கிடக்கிறது. அவள் போட்டி நடத்துபவர்களுக்கு எழுதுகிறாள்: 'என் பெயரை மட்டும் நீக்கிவிடவும். ட்ரோன் நல்ல நிலையில் உள்ளது.' உறையை ஒட்டி, கோப்பைப் பார்சல் எடுக்க வந்த கூரியர்காரரிடம் நீட்டுகிறாள்.