கண்ணுக்கு உறுத்தாத நிறம்

"இந்த வெப்சைட்டுக்கு கலர் போட்டது யாரு?"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் சட்டையில் பட்டன்கள் துளை மாறியிருந்தன. கையில் ஐ.சி.யூ. வாசலில் உறவினர்களுக்குக் கட்டிவிடும் காகிதப் பட்டை.

டிசைனர் எழுந்தாள். "நான்தான் சார். நீங்க..."

அவர் போனை அவள் மேஜையில் அறைந்தார். திரையில் அவள் செய்து கொடுத்த ஆஸ்பத்திரி வெப்சைட்.

"ஆம்புலன்ஸ் பட்டன் எங்கே? காட்டு."

வெள்ளைத் திரையின் அடியில், இருக்கிறதா இல்லையா என்கிற இளநீலத்தில் இருந்ததைத் தொட்டுக் காட்டினாள்.

"உனக்குத் தெரியுது. எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கல். வீட்ல தனியா இருந்தாங்க, நெஞ்சு வலி. எனக்கு போன் அடிச்சிருக்காங்க, நான் மீட்டிங்ல இருந்து தொலைச்சேன். இதைத் திறந்து, பளிச்சுன்னு தெரிஞ்ச ஆரஞ்சு பட்டனை அமுக்கியிருக்காங்க. அது என்ன கேட்டுச்சு தெரியுமா? ஹெல்த் செக்கப்புக்கு எந்தத் தேதி வசதின்னு கேட்டுச்சு."

அவள் போனிலிருந்து கையை எடுத்தாள். "அம்மா இப்போ..."

"பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிட்டுப் போனார். இன்னும் கண்ணைத் திறக்கலை." மேஜையைக் குத்தினார். "முதல்ல பெருசா, சிவப்பா, மேலேயேதானே வெச்சிருந்தே? அதை எதுக்கு எடுத்தே?"

அதுவரை தலைகுனிந்திருந்தவளுக்கு அந்தக் கேள்வியில் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை நாள் அடக்கி வைத்த கோபம்.

"நானா எடுத்தேன்? ஆஸ்பத்திரி சேர்மன் எடுக்கச் சொன்னார். சிவப்பைப் பார்த்தா ஜனங்க பயப்படுவாங்களாம், சைட்டு ஹோட்டல் மாதிரி குளுகுளுன்னு இருக்கணுமாம். செக்கப் பேக்கேஜ் விக்கணும், அதை மட்டும் எடுப்பாக் காட்டுன்னு உத்தரவு. வயசானவங்க கண்ணுக்கு இந்த நீலம் தெரியவே தெரியாதுன்னு மெயில் மேல மெயில் போட்டேன் சார். முகம் காட்டிப் பேசக்கூட அந்தாளுக்கு நேரமில்லை."

"மெயிலுக்குப் பதில்?"

"சொன்னதைச் செய், இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்னு ஒரே வரி. எங்க முதலாளி பயந்துட்டார். ராத்திரியோட ராத்திரியா மாத்தினேன்." அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட வந்து கத்தறீங்களே, போய் அந்தாள் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க."

அவர் அவளையே வெறித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் மட்டும் கலங்கிக்கொண்டு வந்தது.

"நான் எடுக்கச் சொன்னா, நீ எடுத்துடுவியா?"